பெயரைக் கழற்றி வைத்தவர்

எனக்குப் பொறாமை வந்தால் அது முதலில் தெரிவது பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களில்தான். அரை மதிப்பெண் குறைக்க வேண்டிய ஒற்றுப்பிழைக்கு ஒன்று குறைப்பேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் அரையாண்டுத் தேர்வில் எங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழில் மொத்தமாகச் சறுக்கினார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த மாதம்தான் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் எழுதிய கதை ஒரு சிற்றிதழில் வந்திருந்தது.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபின் அம்மாவும் நானும் மட்டும் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கதை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். கதையோடு கூடவே என் முகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றையும் வைத்து அனுப்ப வேண்டும். அந்த உறை தவறாமல் திரும்பி வரும். உங்களுக்கு நீங்களே கடிதம் போட்டுக்கொள்கிறீர்களா டீச்சர் என்று தபால்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை, கையெழுத்து என்னுடையதுதானே.

எனக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது. படிக்கிறவரின் பிடரியில் யாரோ மூச்சு விட்ட மாதிரி இருக்க வேண்டும், அப்படி ஒரே ஒரு கதை எழுதிவிட வேண்டும். அதை அம்மாவுக்குப் படித்துக்காட்டி அவள் வாயடைத்துப் போவதைப் பார்க்க வேண்டும். அம்மா எட்டாவது வரை படித்தவள். கண்புரை வந்தபின் நான்தான் அவளுக்குச் செய்தித்தாள் முதல் ஜெபப் புத்தகம் வரை படித்துக்காட்டுவேன். என் கதைகளையும் படித்துக்காட்டுவேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பாள். பிறகு உளுந்து ஊறப்போட்டாயா என்று கேட்பாள்.

அந்த வருடங்களில் மாய யதார்த்தம் என்ற சொல் எங்களைப் போன்றவர்கள் மத்தியில் நடமாடத் தொடங்கியிருந்தது. நான் மதுரைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பழைய புத்தகக் கடையில் மொழிபெயர்ப்புக் கதைகள் வந்த பத்திரிகைகளைத் தேடி வாங்குவேன். கிடைக்காததை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வேன். திரும்பி வரும் பேருந்தில் படிக்க ஆரம்பித்தால் கொடைரோடு தாண்டியது தெரியாது. ஒரு கதையில் ஒரு தபால்காரர் செத்துப்போய் ஏழு வருடம் ஆகியும் தினமும் கடிதம் கொண்டுவருவார். ஊரில் யாரும் அலறமாட்டார்கள். முன்னைப்போல இல்லை, இப்போதெல்லாம் கடிதம் தாமதமாக வருகிறது என்று குறைபட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். திராட்சைப் பந்தல், வெயில், வரப்பில் நிற்கிற ஆடு எல்லாம் எப்போதும்போல இருந்தன. ஆனால் எதையும் முழுசாக நம்ப முடியவில்லை. அந்த ஆடு நேற்றும் இருந்திருக்குமா என்று தோன்றியது. எனக்கு அந்தக் கூச்சம் பிடித்திருந்தது, அதற்காகவே மறுபடி மறுபடி படித்தேன்.

பேய்க்கதை எங்களுக்குப் புதிதா என்ன? நத்தம் சாலைப் புளியமரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டவளைப் பற்றிக் கேட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் பேய்க்கதையைக் கேட்டால் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவோம். இந்தக் கதைகளில் வருகிறவர் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்பார், வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுப்பாள். அவர் செத்தவர் என்பது குடித்து முடித்தபின் இருவருக்கும் நினைவு வரும். அந்தச் சாதாரணத்தில்தான் குலை நடுங்கும். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். சிலுவையில் செத்தவர் எழுந்து வந்து மீன் கேட்டுச் சாப்பிட்டதை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கேட்டு ஆமென் சொன்னவள். திங்கட்கிழமை பேனாவை எடுத்தால் மட்டும் அது கைகூடாது. என் கதையில் செத்தவர் வந்தால் கடைசிப் பத்தியில் அது காய்ச்சலில் கண்ட கனவாகப் போய்விடும், இல்லையென்றால் ஒரு டாக்டர் வந்து விளக்கம் சொல்வார். விளக்காமல் விட எனக்குத் தெரியவில்லை.

கணக்கு டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எரியோட்டுப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். தினமும் பேருந்தில் வந்துபோவார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருடைய வெஞ்சனமும் மேசையில் சுற்றி வரும், அதில் அவருடைய மொச்சைப் பொரியல்தான் முதலில் காலியாகும். கதை, கவிதை எதுவும் படித்தவரில்லை. பேருந்தில் வருகிற ஒரு மணி நேரம் வீணாகப் போகிறது என்று ஒருநாள் சொன்னார். நான்தான் என் ஜெராக்ஸ் கட்டைத் தூக்கிக் கொடுத்தேன். பாவம், ஒன்றும் புரியாமல் திருப்பித் தருவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், புரியாமல் தர வேண்டும் என்றும் கொஞ்சம் நினைத்தேன்.

ஒரு வாரத்தில் பக்கங்களுக்கு நடுவே பேருந்துச் சீட்டுகளைச் செருகித் திருப்பிக் கொடுத்தார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். செத்தவர் வருகிறாரே, எப்படி என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"எக்ஸ்னு வச்சுக்கிறோம் டீச்சர். ஏன் எக்ஸுன்னு எந்தப் பிள்ளையாவது கேக்குதா? வச்சுக்கிட்டா வச்சுக்கிட்டதுதான். அதுக்கப்புறம் தப்பில்லாமப் போட்டா விடை வந்துரும்."

கணக்கு டீச்சர் வேறு எப்படிப் பேசுவார் என்று நான் சிரித்தேன். பதினைந்து வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது காலம் கடந்துவிட்டது.

இனி எங்கள் வீட்டுக் கல்லறை விஷயத்தைச் சொல்ல வேண்டும், கணக்கு டீச்சரின் கதை அதிலிருந்துதான் வந்தது.

அப்பா இறந்தது எண்பதுகளின் பிற்பகுதியில். எங்கள் பக்கம் அப்போது பெண்கள் கல்லறை வரை போகிற வழக்கம் இல்லை. அம்மாவையும் என்னையும் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அடக்கம் முடிந்து வந்த சித்தப்பா, கேட்டிலிருந்து மூன்றாவது வரிசை, ஏழாவது குழி என்று சொன்னார். இரண்டு நாளில் பம்பாய்க்கு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு வீட்டோடு எல்லோரும் போய்க் கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், பெண்கள் உட்பட. அம்மாவும் நானும் சுண்ணாம்பு வாளியோடு போய்க் கேட்டிலிருந்து எண்ணினோம். மூன்றாவது வரிசையில் ஏழாவது மேட்டில் பெயரே இல்லாத ஒரு மரச்சிலுவை இருந்தது. சித்தப்பாவுக்குப் பெயர் எழுதக்கூட நேரமில்லை என்று திட்டிக்கொண்டே நான் கறுப்பு எனாமலில் அப்பாவின் பெயரை எழுதினேன். தமிழ் டீச்சர் இல்லையா, எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அடக்கத்துக்கும் அந்த நவம்பருக்கும் இடையில் கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவரை இடித்துக் கட்டி, மேற்கே இருந்த கேட்டை அடைத்துவிட்டுக் கிழக்கே சாலைப் பக்கம் புதுக் கேட் வைத்திருந்தார்கள். எங்களவர் யாரும் அங்கே இல்லாததால் அதற்கு முன்னால் நாங்கள் உள்ளே போனதே இல்லை. யார் சொல்வார்கள்? ஒன்பது வருடம் நாங்கள் தப்பான மூலையிலிருந்து எண்ணிய கல்லறைக்கு வெள்ளையடித்தோம். அம்மா அந்த மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேஸ் இணைப்பு கிடைத்தது, எதிர்வீட்டுச் சண்டை, என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்று வருடத்துச் செய்திகளையெல்லாம் மெல்லிய குரலில் சொல்லுவாள். அம்மாவுக்குச் சத்தமாகப் பேசும் பழக்கமே கிடையாது. சொல்லி முடித்ததும் பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு, மேற்குச் சுவரோரம் இருந்த குழாயில் தண்ணீர் பிடிக்கப் போவாள். திரும்பி வர வெகுநேரம் ஆகும். நான் காற்றில் அணையாமல் மெழுகுவர்த்திக்குக் கை மறைத்துக்கொண்டு இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்கு மொசைக்கில் நல்ல கல்லறை கட்டலாம் என்று சொன்னேன். எதற்கு இப்போது என்று அம்மா இரண்டு வருடம் தள்ளிப்போட்டாள். நான் அவள் பேச்சைக் கேட்காமல் பங்குக் கோயில் அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டேன். அவர்கள் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினார்கள். அப்பா இருந்தது மேற்கே, குழாய்க்குப் பக்கத்தில். நாங்கள் பூப் போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு நேராகப் பதிவேட்டில் பெயர் இல்லை. பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்து, அரசு மருத்துவமனையில் இறந்த யாரோ ஒருவர். தேடி யாரும் வரவில்லை. கழுத்தில் உத்தரியம் இருந்ததால் கத்தோலிக்கர் என்று தெரிந்து இங்கே கொண்டுவந்து புதைத்திருக்கிறார்கள். உத்தரியம் என்பது மாதா படம் தைத்த இரண்டு சின்னத் துணித் துண்டுகளைக் கயிற்றில் கோத்து நாங்கள் கழுத்தில் போட்டுக்கொள்வது. ஆண், வயது ஐம்பது இருக்கும், உத்தரியம் என்று மட்டும் எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சரி, இருக்கட்டும் என்றாள். அதிர்ச்சி என்று நினைத்தேன். மறுநாளே மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் வாங்கிக்கொண்டு போய் அந்தச் சிலுவையிலிருந்து அப்பாவின் பெயரைத் தேய்த்து அழித்தேன். தப்பைக் கண்டால் உடனே திருத்திவிட வேண்டும் எனக்கு.

ஆசிரியர் அறையில் இதை நான் வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஊரார் கல்லறைக்கு வெள்ளையடித்தால் நம் கல்லறை தானே வெளுக்கும் என்று விளையாட்டு டீச்சர் புதுப் பழமொழி சொன்னார். கணக்கு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஆளுக்கு ஒன்பது வருடமாக உங்கள் வீட்டு விஷயம் எல்லாம் தெரியுமே என்றார். பிறகு நாலைந்து நாள் கழித்து, தயங்கித் தயங்கி, இதை நான் எழுதிப் பார்க்கட்டுமா டீச்சர் என்று கேட்டார்.

நான் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தேன். நாற்பது பக்கம் முடிந்திருந்தது. பெண்களைக் கல்லறைக்கு அனுப்பாத வழக்கத்தைக் கண்டித்து நான்கு பக்கம், பதிவேடுகளின் அலட்சியம் பற்றி மூன்று பக்கம். கணக்கு டீச்சரால் என்ன எழுதிவிட முடியும் என்ற நினைப்பில், தாராளமாக எழுதுங்களேன் என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

என் நாற்பது பக்கம் வழக்கமான உறையில் திரும்பி வந்தது. அவருடைய ஏழு பக்கம் அச்சில் வந்தது. அதே பத்திரிகை. புனைபெயரில் எழுதியிருந்தார். கொண்டுவந்து கொடுக்கும்போது, உங்கள் விஷயம்தான், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நான் வாழ்த்துச் சொன்னேன். வாய் சொன்னது, வயிறு எரிந்தது. ஓய்வு வகுப்பில் நூலக அறையின் மூலையில் நின்றபடியே படித்தேன்.

அந்தக் கதை இதுதான். ஒருநாள் மதியம், கழுத்தில் உத்தரியம் போட்ட ஒருவர் ஒரு விதவையின் வீட்டுக்கு வருகிறார். ஒன்பது வருடமாக இந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டீர்கள், அதனால் வந்தேன் என்கிறார். அந்த அம்மா ஒரு நிமிடம் பார்க்கிறாள். கை கழுவிவிட்டு வாங்க, சோறு ஆறிவிடும் என்கிறாள். அவருக்கு எதிர்வீட்டுச் சண்டை தெரிகிறது, கேஸ் அடுப்பில் எந்தப் பக்கம் சரியாக எரியாது என்று தெரிகிறது. ஆடுகிற ஜன்னல் கொண்டியைச் சரிசெய்கிறார். மகள் அவரிடம் செய்தித்தாளைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். பல நாள் கழித்து வாசலில் இன்னொருவர் வந்து நிற்கிறார். ஒன்பது வருடம் பூப் பார்க்காதவர், மெலிந்திருக்கிறார். உத்தரியம் போட்டவர் எழுந்து, அந்தப் பெயரைச் சட்டையைப்போலக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவரைத் தாண்டி வெயிலில் இறங்கிப் போகிறார். அந்த அம்மா பின்னாலேயே ஓடுகிறாள். கூப்பிட வாயைத் திறக்கிறாள். கூப்பிடுவதற்குப் பெயர் இல்லை. கதை அங்கே முடிகிறது.

எனக்குப் பிடரி சில்லிட்டது. பதினைந்து வருடமாக நான் இன்னொருவருக்குக் கொடுக்க நினைத்ததை அவர் எனக்குக் கொடுத்துவிட்டார், அதுவும் என் வீட்டுச் சாமானை வைத்தே. அதைவிட இன்னொன்று குத்தியது. அந்தப் பெயரை அவர் தானாகக் கழற்றி வைத்ததாகக் கணக்கு டீச்சர் எழுதியிருந்தார். நான் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அப்படித்தான் அந்த ஏழு பக்கத்தில் பிழை தேடினேன். மூன்று ஒற்றுப்பிழை இருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். மனசு ஆறவில்லை.

அந்த ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்குப் படித்துக்காட்டினேன். ஏன் படித்தேன் என்று தெரியவில்லை. சுமாராக இருக்கிறது என்று அவள் வாயால் வந்தால் போதும் என்றிருந்தேனோ என்னவோ. முடித்ததும் அம்மா வெகுநேரம் பேசவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். உளுந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இம்புட்டும் நீயா எழுதுன?" என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பத்திரிகையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். பின்னால் அம்மா மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வாழ்நாளில் நான் ஏங்கியது அந்தச் சத்தத்துக்குத்தான். இன்னொருத்தியின் கதைக்கு வந்த சத்தத்தை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், என் மகள் கதை புத்தகத்தில் வந்திருக்கிறது என்று அம்மா பக்கத்துப் பெஞ்சுக்காரியிடம் சொன்னாள். நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு கணக்கு டீச்சர் பெயரை நான் வீட்டில் எடுக்கவில்லை. பள்ளியிலும் ஒதுங்கினேன். ஜெராக்ஸ் கேட்டால் தொலைந்துவிட்டது என்றேன். அவருடைய இன்னொரு கதையும் வந்தது, அதுவும் நன்றாக இருந்தது. கர்த்தர் என்மேல் எதற்குக் கோபப்பட்டார் என்று நினைத்தேன். மொச்சைப் பொரியல் வந்தால் எனக்கு வாயு என்று தள்ளிவிடுவேன். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். வாசலில் கணக்கு டீச்சர் நின்றார். கையில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம். டவுனுக்கு வந்தேன், அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் என்றார். அந்தக் கதையை அம்மா படித்தார்களா, என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு இரண்டு வருடமாக ஆசை. நான் கேட்டைத் திறக்கவில்லை. அம்மா தூங்குறாங்க என்றேன். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, அம்மா கூடவே முணுமுணுப்பது வாசல் வரை கேட்டது. கணக்கு டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். சரி டீச்சர், இன்னொரு நாள் வாரேன் என்று பையைக் கேட்டுக்கு மேலாகக் கொடுத்துவிட்டு வெயிலில் போனார்.

உள்ளே வந்தேன். அம்மா ரேடியோவை நிறுத்தியிருந்தாள். வந்தது யார் என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து என்றேன்.

"அந்தக் கதைய எழுதுன டீச்சரா?"

கொய்யாப்பழப் பை கையில் கனத்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"முன்னாடியெல்லாம் சோறு திங்கும்போது கணக்கு டீச்சர் அப்படிச் சொன்னாங்க, இப்படிச் சொன்னாங்கன்னு ஓயாமச் சொல்லுவ. அந்தக் கதையப் படிச்ச நாள்ல இருந்து அந்தப் பேச்சே இல்ல. எனக்குக் கண்ணுதான் தெரியல." பையைத் தடவி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள். "அதோட, நீ எழுதியிருந்தா அந்த ஆள வாசல்லயே நிப்பாட்டி யாரு எவருன்னு கேட்டிருப்ப. உள்ள விட்டிருக்க மாட்ட."

இரண்டு வருடம் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பக்கத்துப் பெஞ்சில் பெருமை பேசியிருக்கிறாள். நான் அழுதேன்.  நாளைக்கு ஞாயிறுதானே, அந்த டீச்சரைச் சாப்பிடக் கூப்பிடு என்று அம்மா சொன்னாள். தெருமுனைக் கடையிலிருந்து எரியோட்டில் அவர் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு ஆளனுப்பச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, வாரேன் டீச்சர் என்றார்.

மறுநாள் கோழிக் குழம்பு வைத்தேன். இருவரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கையின் மேலேயே கண் இருந்தது. என் கையை அம்மா அப்படிப் பிடித்து எத்தனை வருடம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். கடைசியாக அப்பளம் பொரிக்கப் போனபோது அம்மாவின் குரல் உயர்ந்தது. எண்ணெய் இரைச்சலுக்காகச் சத்தமாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

"ரெண்டாவது வருசமே எனக்குத் தெரியும் டீச்சர். தண்ணி பிடிக்கப் போனப்ப அங்கன இருந்த காவக்காரர் சொல்லிட்டாரு, உங்க வீட்டுக்காரரு இந்தா இங்க இருக்காருன்னு. அவருக்கு ஒரு கை பூவ மடியில முடிஞ்சு கொண்டுபோயி வருசா வருசம் போட்டுட்டுத்தான் வருவேன். ஆனா அந்த ஆளுக்கு அம்புட்டு அழகாப் பேரு எழுதிக் குடுத்திருக்கா எம்மக. அதப் பிடுங்க எனக்கு மனசு வரல. அவகிட்டச் சொல்லியிருந்தா மறுநாளே போயி அழிச்சிருப்பா."

கரண்டியிலிருந்த அப்பளம் கருகிவிட்டது. மறுநாளே போய் அழித்தவள்தானே நான். அந்தக் குடமும், அந்த வெகுநேரமும், சரி இருக்கட்டும் என்ற வார்த்தையும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஆனால் முதலில் வந்தது வெட்கமில்லை. எங்கள் வீட்டிலேயே பெரிய கதையை அம்மா அவருக்குக் கொடுத்துவிட்டாள் என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் எனக்குச் சொல்லாமல் மடியில் முடிந்து வைத்திருந்ததை, முதல்முறை வீட்டுக்கு வந்தவருக்கு அவிழ்த்துக் கொடுத்துவிட்டாள். கருகிய அப்பளத்தை எடுத்துப்போட்டுவிட்டு நல்லதைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்ப் பரிமாறினேன். 

அதன்பின் மூன்று வருடம் கணக்கு டீச்சர் அதை எழுதுவார் என்று காத்திருந்தேன். மாதா மாதம் பத்திரிகை வந்ததும் உள்ளடக்கத்தில் அந்தப் புனைபெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். வேறு கதைகள் வந்தன. இது வரவில்லை. நானும் எழுதத் துணியவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அல்லவா, அவருடைய சரக்கு. இரண்டாவது முறையும் திருட எனக்குத் தெம்பில்லை.

பிறகு அம்மா இறந்துபோனாள். காலம் மாறியிருந்தது, இந்தத் தடவை யாரும் என்னைத் தெருமுனையில் நிறுத்தவில்லை. கல்லறை வரை போனேன். மண் போட்டேன். வரிசையையும் எண்ணிக்கொண்டேன். முப்பதாம் நாள் பூசைக்குக் கணக்கு டீச்சர் எரியோட்டிலிருந்து சம்பங்கி கொண்டுவந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போட்டுவிட்டு, கேட்கவே கேட்காமல் கிழக்குப் பக்கம் நடந்து, பெயரில்லாத சிலுவையிலும் போட்டார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது கேட்டேவிட்டேன், அம்மா உங்களிடம் சொன்னதை ஏன் இன்னும் எழுதவில்லை என்று.

அவர் நின்று, என்னைப் புரியாமல் பார்த்தார்.

"என்கிட்டயா சொன்னாங்க? அதுவரைக்கும் மெதுவாத்தான் டீச்சர் பேசிக்கிட்டு இருந்தாங்க. நீங்க அடுப்படிக்குப் போனதும் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டு, உங்களுக்குக் கேக்கணும்னுதான் சத்தமாச் சொன்னாங்க. நான் நடுவுல உக்காந்திருந்தேன், அம்புட்டுதான்."

அம்மா எனக்குச் சொன்னது அது. மூன்று வருடமாக என்னிடமே இருந்திருக்கிறது, நான் அதைத் திறந்து பார்க்காமல் அடுத்தவளுடையது என்று வயிறு எரிந்துகொண்டிருந்திருக்கிறேன். இதையும் கணக்கு டீச்சர்தான் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அம்மா எந்தப் பக்கம் திரும்பிப் பேசினாள் என்று பார்த்தவர் அவர். அன்றைக்கும் எனக்கு அவர் மேல் பொறாமையாகத்தான் இருந்தது.